அப்பா வீட்டு வாடகையும் இரண்டு பான் எண்களும்

குன்னூரில் பெட்ஃபோர்டைத் தாண்டி மேலேறும் சரிவில் அப்பா கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. 2018-இல் அவர் காலமானபின் அந்த வீடு எனக்கும் தம்பிக்கும் சரிபாதியாக வந்தது. நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. இதே ஊரில் கணவரோடு வேறு வீட்டில் வசிக்கிறேன். தம்பி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். வீட்டைப் பார்த்துக்கொள்வது, குடிவருபவர்களிடம் பேசுவது, கொத்தனாரை அழைப்பது, நகராட்சியில் சொத்து வரி கட்டுவது எல்லாமே என் பொறுப்பாக இருந்ததால், வாடகையும் என் வங்கிக் கணக்குக்கே வந்துகொண்டிருந்தது. அதில் பாதியைத் தம்பிக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அனுப்பி வந்தேன். எங்களுக்குள் ஒரு ரூபாய்க்குக்கூட மனத்தாங்கல் வந்ததில்லை. ஆனால் அக்கா தம்பிக்குள் கணக்கு நேராக இருந்துவிட்டால் வருமான வரித்துறையிடமும் அது நேராகவே இருக்கும் என்று நான் நம்பியது பெரும் தவறு. அந்தத் தவறைத் திருத்திக்கொண்ட விதத்தை, மலையில் வீடு வைத்து வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

2022 ஏப்ரலில் ஒரு தனியார் நிறுவனம் தன் அதிகாரி ஒருவருக்காக அந்த வீட்டை மாதம் 22,000 ரூபாய் வாடகைக்கு எடுத்தது. ஒப்பந்தத்தில் எங்கள் இருவர் பெயரும் இருக்க வேண்டும் என்று கேட்டேன். பணம் அனுப்ப ஒருவர் பெயரும் ஒரு பான் எண்ணும் போதும், இரண்டு பெயர் வந்தால் தங்களுக்கு வேலை இரட்டிக்கும் என்று அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆண்டு வாடகை 2,64,000 ரூபாய். அந்நாளில் ஆண்டு வாடகை 2,40,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனங்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194-I பிரிவின்படி நூற்றுக்குப் பத்து டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) பிடிக்க வேண்டும் என்பது விதி. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு மாதம் 50,000 ரூபாய் என்று மாறிவிட்டது. அன்றைய விதிப்படி 26,400 ரூபாய் பிடிக்கப்பட்டு, முழுவதும் என் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டது.

2023 ஜூலையில் நானே இணையதளத்தில் உட்கார்ந்து கணக்குத் தாக்கல் செய்தேன். வீட்டில் என் பங்கு பாதிதானே என்று வாடகையில் பாதியைக் காட்டினேன். டிடிஎஸ் கட்டத்தில் 26,400 ரூபாய் தானாகவே நிரம்பி வந்திருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டேன். இதோடு நிற்கவில்லை. முந்தைய நவம்பர் மழையில் வீட்டின் கீழ்ப்புறத் தடுப்புச் சுவர் சரிந்து, அதை எடுத்துக்கட்ட 1,85,000 ரூபாய் செலவாகியிருந்தது. வாடகைக்கு விட்ட வீட்டுக்காகத்தானே செலவு செய்தோம் என்ற நினைப்பில் அதில் பாதியையும் என் பங்கு வாடகையிலிருந்து கழித்து, மீதியை மட்டுமே வாடகை என்று எழுதினேன். அக்டோபரில் வருமான வரித்துறையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வரிப்பிடித்தத்துக்கு முழு வரவு கேட்டிருக்கிறீர்கள், அதற்குரிய முழு வருமானத்தைக் காட்டவில்லை, ஆகவே உங்கள் கணக்கு குறைபாடுள்ளது, 15 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். முப்பத்து மூன்று ஆண்டுகள் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தியவளுக்கு, தன் தாள் திரும்பி வந்ததைப் பார்த்தபோது கை நடுங்கியது உண்மை.

மறுநாள் காலை எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு இங்குள்ள ஆடிட்டர் ஒருவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "வீடு யார் பேர்ல இருக்குங்கம்மா?" என்பது. வாடகை யார் கைக்கு வருகிறது என்பதை அவர் அதற்குப் பிறகுதான் கேட்டார். வீட்டுச் சொத்து வருமானத்தில் எல்லாமே அந்த வரிசையில்தான் நடக்கிறது. வீட்டின் உரிமையாளர் எவரோ அவருக்குத்தான் வருமானம் சேரும். இரண்டு பேருக்கு இன்ன பங்கு என்று திட்டமாக இருந்தால், 1961 வருமான வரிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி ஒவ்வொருவரும் தம் பங்கைத் தம் கணக்கில் தனித்தனியே காட்ட வேண்டும். பணம் எந்த வங்கிக் கணக்கில் விழுந்தது என்பதால் அது மாறாது. ஆகவே பாதி வாடகையை மட்டும் நான் காட்டியது சரி; தம்பியின் பாதிக்கு உரிய வரிப்பிடித்தத்தையும் சேர்த்து நான் வரவு கேட்டதுதான் பிழை. தம்பியோ, ஒருவர் பெயரில் பிடிக்கப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தனக்கு ஒன்றும் வரவில்லை என்பதால் வாடகையைக் காட்டாமலேயே தாக்கல் செய்திருந்தான். பாதி வாடகை இருவர் கணக்கிலும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது.

ஆடிட்டர் சொன்ன இன்னொரு செய்தி எனக்கு அதைவிட வருத்தமாக இருந்தது. பங்கு திட்டமாக உள்ள கூட்டு உரிமையாளர்களுக்கு டிடிஎஸ் வரம்பைத் தனித்தனியாகவே பார்க்க வேண்டும் என்று நேரடி வரிகள் வாரியம் 1995-லேயே 715-ஆம் எண் சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் பான் எண்ணும் பங்கும் இருந்து, வாடகை ஆளுக்கு 11,000 ரூபாயாகப் பிரிந்து போயிருந்தால், ஒருவருக்கு ஆண்டுக்கு 1,32,000 ரூபாய்தான் ஆகும். வரியே பிடித்திருக்க வேண்டியதில்லை. வேலை இரட்டிக்கும் என்று அன்று சொல்லப்பட்ட ஒரு வார்த்தைக்காக இவ்வளவு அலைச்சல்.

திருத்தியது இப்படி. நான் என் கணக்கில் 13,200 ரூபாய்க்கு மட்டும் வரவு கேட்டு, மீதி 13,200 ரூபாய் வேறொருவருக்கு உரியது என்று, அதற்கென்று படிவத்தில் இருக்கும் கட்டத்தில் தம்பியின் பான் எண்ணோடு காட்டினேன். வரி பிடித்த நிறுவனத்துக்கும், வீடு இருவர் பெயரில் இருப்பதையும் பங்கையும் குறிப்பிட்டு எழுத்துமூலம் உறுதிமொழி கொடுத்தேன். தம்பி, டிசம்பர் 31-க்குள் செய்ய வேண்டிய திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து தன் பாதி வாடகையைச் சேர்த்துக்கொண்டான். எங்கள் இருவருக்கும் அபராதம் எதுவும் வரவில்லை.

இனி அந்தச் சுவருக்கு வருகிறேன். மலையில் வீடு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் மனத்தில் உறுத்தும் விஷயம் இது என்று நினைக்கிறேன். வாடகை வருமானத்தைக் கணக்கிடும் முறை மிகவும் எளிமையானது. ஆண்டு வாடகையிலிருந்து, உரிமையாளர் அந்த ஆண்டில் உண்மையாகவே கட்டிய சொத்து வரியைக் கழிக்க வேண்டும். மீதியில் நூற்றுக்கு முப்பதைச் சட்டம் நிலையான கழிவாகக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு, வீட்டுக்காக வாங்கிய கடனின் வட்டி இருந்தால் கழிக்கலாம். அவ்வளவுதான். பழுதுபார்ப்பு, வெள்ளையடிப்பு, காப்பீடு, தரகு, காவல் என்று எந்தச் செலவையும் தனியாகக் கழிக்க வழியில்லை. அந்த முப்பதுக்குள் எல்லாம் அடக்கம். ஒரு பைசா செலவழிக்காதவருக்கும் முப்பதுதான், சுவர் இடிந்தவருக்கும் முப்பதுதான்.

எங்கள் எண்களை வைத்தே சொல்கிறேன். வாடகை 2,64,000. இரண்டு அரையாண்டுகளுக்கும் சேர்த்து நகராட்சிக்குக் கட்டிய சொத்து வரி 6,480. கழித்தால் 2,57,520. அதில் முப்பது விழுக்காடு 77,256. மீதி 1,80,264 ரூபாய், ஆளுக்கு 90,132. சுவருக்குச் செலவான 1,85,000 ரூபாய், கழிவாகக் கிடைத்த 77,256 ரூபாயைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சமவெளியில் இருக்கும் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு இந்த முப்பது தாராளமாக இருக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறி நிற்கும் குன்னூர்ச் சரிவில், ஓதம் ஏறாத சுவரே இல்லாத ஊரில், அது பல ஆண்டுகளுக்குப் போதாது. 2009 நவம்பரில் இந்த மாவட்டம் முழுவதும் மண் சரிந்தபோது தடுப்புச் சுவரை இழந்த வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். மலைப்பகுதி வீடுகளுக்கு இந்த விஷயத்தில் தனிச்சலுகை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அப்படி ஒன்று இன்று சட்டத்தில் இல்லை; இல்லாததைக் கணக்கில் எழுதக் கூடாது.

அந்தச் சுவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இடிந்து கிடந்த கல்லைப் புரட்டிப் பார்த்த கொத்தனார், "தண்ணி வெளியேற ஒரு ஓட்டைகூட விடலையேம்மா, பின்னாடி சேறு சேந்து சேந்து தள்ளிடுச்சு" என்றார். புதிய சுவரில் நான்கடிக்கு ஒரு குழாய் வைத்து, பின்பக்கம் ஜல்லி நிரப்பி, தண்ணீர் வடிய வழி செய்துதான் எழுப்பினார். அதற்கு 1,50,000 ரூபாயைக் கூட்டுறவு வங்கியில் என் பெயரில் கடனாக வாங்கியிருந்தேன். இந்த இடத்தில்தான் ஆடிட்டர் எனக்கு ஒரு நல்ல செய்தி சொன்னார். வாடகைக்கு விட்ட வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனாக இருந்தாலும் அதன் வட்டியை அந்த 1961 சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி கழிக்கலாம். செலவைக் கழிக்க முடியாது, செலவுக்கு வாங்கிய கடனின் வட்டியைக் கழிக்கலாம்! அந்த ஆண்டு மார்ச் வரைக்கும் ஆன வட்டி 4,150 ரூபாய். என் பங்கு வருமானம் 85,982 ரூபாயாக இறங்கியது. தொகை சிறியதுதான், ஆனால் கடன் தீரும்வரை ஒவ்வோர் ஆண்டும் அது கிடைக்கும். வங்கியிலிருந்து வட்டிச் சான்றிதழும், கடன் பணம் சுவருக்குத்தான் போனது என்று காட்டக் கொத்தனார், சிமெண்ட், ஜல்லி ரசீதுகளும் கையில் இருக்க வேண்டும். இந்த ரசீதுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. சுவரை முன்பு இல்லாத விதத்தில் புதிதாகக் கட்டியிருப்பதால், பிற்காலத்தில் வீட்டை விற்க நேர்ந்தால் மூலதன ஆதாயக் கணக்கில் மேம்பாட்டுச் செலவாக அதைக் கோர இடமுண்டு. விற்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்றாலும் ரசீதுகளைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

ரசீதுகள் என்றதும் ஒரு எச்சரிக்கை. அப்பா காலத்து வழக்கப்படி எல்லா ரசீதையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அந்த டப்பாவை எடுத்து ஆடிட்டர் மேசையில் திறந்தபோது, சொத்து வரி ரசீது இரண்டும் வெறும் வெள்ளைத் தாள்களாக இருந்தன. அச்சு இயந்திரத்திலிருந்து சூடாக வரும் அந்த வழவழப்பான தாளில் எழுத்து நாளாக ஆகத் தானே மங்கும். அதோடு எங்கள் ஊர் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது ஓரம் கிழிந்து வந்தது. நல்லவேளையாக நகராட்சியின் இணையப் பதிவில் கட்டணம் இருந்ததால் மறுபடி எடுக்க முடிந்தது. இப்போது வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்துத் தம்பிக்கும் அனுப்பிவிடுகிறேன். சொத்து வரியில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: அது எந்த ஆண்டுக்கு உரியதோ அந்த ஆண்டில் கழிவதில்லை, எந்த ஆண்டில் கட்டினோமோ அந்த ஆண்டில்தான் கழியும். மார்ச்சுக்குள் கட்டாமல் ஏப்ரலுக்குத் தள்ளினால் கழிவும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். குடியிருப்பவரே கட்டினால் நமக்குக் கழிவே கிடையாது. வெலிங்டன் பக்கம் வீடு உள்ளவர்கள் கன்டோன்மென்ட் வாரியத்துக்குக் கட்டும் வரியும் இதில்தான் சேரும்.

கோத்தகிரிப் பக்கம் தேயிலை வைத்திருக்கும் சித்தப்பா, இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "எனக்கு இந்தத் தொல்லை எல்லாம் இல்லம்மா. தேயிலைக்குள்ள நிக்கிற வீடு, அந்த வாடகையும் விவசாயந்தானே" என்றார். தோட்டத்து ஓரத்தில் இருக்கும் இரண்டறை வீட்டை அவர் ஒரு ஆசிரியர் குடும்பத்துக்கு விட்டிருக்கிறார். இது இந்த மலையில் பலருக்கும் இருக்கும் நம்பிக்கை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பச்சைத் தேயிலையைப் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுத்து வாங்கும் பணம் விவசாய வருமானம். அதற்கு மத்திய வருமான வரி இல்லை. விவசாய நிலத்தில் உள்ள கட்டடமும், பயிரிடுபவர் தாம் குடியிருக்கவோ பொருள் சேர்த்து வைக்கவோ தேவையாக இருந்தால் அந்தக் கணக்கில் வரும். அதே கட்டடத்தைப் பிறருக்குக் குடியிருக்க விட்டுவிட்டால் அந்த வாடகை விவசாய வருமானம் ஆகாது என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. சுற்றிலும் தேயிலைச் செடி நிற்பதால் வாடகை விவசாயமாகிவிடாது.

இதோடு இன்னொன்றும் உண்டு. இலைப் பணத்துக்கு வரி இல்லை என்றாலும், மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டி, விவசாய நிகர வருமானமும் 5,000 ரூபாயைத் தாண்டினால், மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று நிர்ணயிக்க அதையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஆகவே அதையும் படிவத்தில் உள்ளபடி எழுத வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானம் உள்ளவர்களுக்கு முதல் படிவமான சகஜ் பொருந்தாது என்பதைச் சித்தப்பா அப்போதுதான் கேள்விப்பட்டார். இரண்டு ஆண்டுகளாக விடுபட்ட வாடகையை, கூடுதல் வரி செலுத்தித் தாமாகவே சேர்த்துக்கொள்ளும் புதுப்பித்த கணக்கின் வழியாகச் சரிசெய்துவிட்டார். முன்பு 24 மாதங்களாக இருந்த அந்தக் கால அவகாசத்தை 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 48 மாதங்களாக்கியிருக்கிறது. தாமதம் ஆக ஆகக் கூடுதல் வரி 25 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடு வரைக்கும் ஏறும்.

சீசனுக்கு மட்டும் அறைகளை விட்டு, சாப்பாடு, துணி மாற்றுவது, துப்புரவு எல்லாம் சேர்த்துச் செய்து கொடுப்பவர்களின் நிலை வேறு. அது வாடகையாக இல்லாமல் தொழில் வருமானமாகவே பார்க்கப்படும். அங்கே முப்பது விழுக்காட்டுக் கழிவு கிடையாது, உண்மையான செலவுகளைக் கழிக்கலாம். இதைப் பார்த்து, சாதாரணக் குடித்தன வாடகையையும் தொழில் என்று காட்டிச் செலவுகளைக் கழித்துவிடலாமே என்று எனக்கும் ஒரு யோசனை வந்தது. குடியிருப்பு வீட்டு வாடகையை வீட்டுச் சொத்துத் தலைப்பில்தான் காட்ட வேண்டும் என்று 2024-25 நிதியாண்டு முதல் சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டதால் அந்த வழி அடைபட்டது.

அட்வான்ஸ் தொகையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமாக இருக்கும்வரை அது வருமானம் ஆகாது. போக்கியத்துக்கு விட்டால் மாத வாடகை இல்லையே, எனவே காட்ட ஒன்றுமில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சட்டம் கேட்பது, அந்த வீடு நியாயமாக என்ன வாடகைக்குப் போகும் என்பதை. ஆகவே அங்கேயும் ஒரு தொகை வருமானமாக வரும். குடியிருந்தவர் வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனால், வசூலிக்க முடியாத அந்தத் தொகையைச் சில நிபந்தனைகளோடு விடலாம். பிற்காலத்தில் அவர் கொடுத்தால் வாங்கிய ஆண்டில் முப்பது கழித்துக் காட்ட வேண்டும்.

வருமான வரியைப் பழைய முறை, புதிய முறை என்ற இரண்டில் எந்த முறையில் கட்டுவது என்பதை வீட்டுக் கடன் வட்டி பெரிதாக உள்ளவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முப்பது விழுக்காட்டுக் கழிவும் சொத்து வரிக் கழிவும் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் உண்டு. வட்டி வாடகையைத் தாண்டி நட்டம் வந்தால், பழைய முறையில் 2,00,000 ரூபாய் வரைக்கும் சம்பளம், ஓய்வூதியம் போன்ற மற்ற வருமானத்தோடு ஈடுகட்டலாம். புதிய முறையில் அப்படிச் செய்ய முடியாது. என் கடன் சிறியது என்பதால் எனக்குப் புதிய முறையே ஏற்றதாக இருக்கிறது. 2025-26 நிதியாண்டில் புதிய முறையின்படி 12,00,000 ரூபாய் வரைக்கும் வருமானம் உள்ளவர்களுக்குத் தள்ளுபடி இருப்பதால், வரியே வராதபோது வாடகையை எதற்குக் காட்ட வேண்டும் என்று என் தோழி ஒருவர் கேட்டார். வரி வராதது வேறு, கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியது வேறு. மொத்த வருமானம் அடிப்படை வரம்பான 4,00,000 ரூபாயைத் தாண்டினாலே தாக்கல் செய்ய வேண்டும். அதில் வாடகையும் இருக்க வேண்டும். தாக்கல் செய்தபின் 30 நாட்களுக்குள் ஆதார் வழியாகவோ வேறு வழியிலோ சரிபார்க்கவும் வேண்டும்; தாமதித்தால் சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகும், சரிபார்க்காமலேயே விட்டுவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீணாகிவிடும்.

அந்த நிறுவனம் 2025 மார்ச்சில் வீட்டைக் காலி செய்தது. இப்போது ஒரு மருத்துவர் குடும்பம் குடியிருக்கிறது. ஒப்பந்தத்தில் முதல் பக்கத்திலேயே எங்கள் இருவர் பெயரும், பான் எண்களும், சரிபாதிப் பங்கும் இருக்கின்றன. ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடமும் பதிவு செய்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் இரண்டு கணக்குகளுக்கும் பாதிப் பாதியாகப் பணம் வந்துவிடுகிறது. பணம் விழுந்ததும் தம்பி, "அக்கா, எனக்கு வந்திருச்சு, உனக்கு?" என்று செய்தி அனுப்புவான். நான் குறிப்பேட்டில் இரண்டு வரிகளையும் எழுதி, சொத்து வரிக்கு ஒரு பகுதியையும், சுவருக்கு ஒரு பகுதியையும் தனியே எடுத்து வைக்கிறேன்.